முள்ளிப்பட்டுப் பிள்ளைகளுக்கு எது விஞ்ஞானம்?

ஆரணிப் பட்டு என்றால் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வருகிறவர்கள் முந்தானையைப் பிரித்துப் பார்ப்பார்கள்; சரிகையை விரலால் தடவுவார்கள்; விலையைக் கேட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அந்த முந்தானையில் அன்னப்பட்சியும் மாங்காயும் எப்படி வந்து உட்கார்ந்தன என்று கேட்பவர் அபூர்வம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு, பட்டுத் தறிகளின் ஊர். அங்கே ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளை தறிச் சத்தத்தைக் கேட்டபடி கண் விழிக்கிறான். சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். அங்கே விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தால் வேறோர் உலகம். எலெக்ட்ரான் என்கிறார்கள், வாயு என்கிறார்கள், மின்னழுத்தம் என்கிறார்கள். பிள்ளை உருப்போடுகிறான், பரீட்சை எழுதுகிறான், மறந்துவிடுகிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா தறிக் குழியில் உட்கார்ந்திருக்கிறார். "எங்களுக்கு என்னப்பா தெரியும்? நாங்கள் படிக்காதவர்கள்" என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அதையே பிள்ளையும் நம்பிவிடுகிறான்.

பள்ளிக்கூடத்தில் இருப்பது விஞ்ஞானம், வீட்டில் இருப்பது வெறும் கைவேலை என்று நடுவிலே ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம். இந்தச் சுவர் பொய்ச் சுவர் என்பதே நம் கட்சி. அதற்குச் சாட்சியாக, யாரும் எதிர்பார்க்காத ஓர் ஆசாமியைக் கூண்டில் ஏற்றப் போகிறோம். அந்த ஆசாமியின் பெயர் பிளாஸ்மா டெலிவிஷன்!

கண்ணாடியில் ஒரு தறி

பிளாஸ்மா டெலிவிஷனை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதி படைத்தவர் வீட்டுச் சுவரில் படம் போல மாட்டியிருந்த பெரிய தட்டைப் பெட்டி அதுதான். நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலான வீடுகளுக்கு, 2006ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்தது பின்பக்கம் புடைத்த பழைய படக்குழாய்ப் பெட்டி. பிளாஸ்மா அதைவிட உசத்தி, விலையும் உசத்தி.

அந்தத் தட்டைப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒன்றில் குறுக்கே மின்கோடுகள். மற்றொன்றில் நெடுக்கே மின்கோடுகள். குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சின்ன அறை. அறைக்குள்ளே கொஞ்சம் வாயு. இரண்டு கோட்டிலும் ஒரே சமயத்தில் மின்சாரம் துடித்தால் அந்த அறையில் மட்டும் விளக்கு எரியும்.

பாவும் ஊடையும் அல்லவா இது? நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை, இரண்டும் கூடுமிடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் படம்.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. ஜக்கார்டு தறியில் ஓர் அட்டை ஓர் ஊடைக்கு. அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அந்தக் கொக்கி தன் பாவு இழையைத் தூக்குகிறது. மற்ற கொக்கிகள் சும்மா இருக்கின்றன. நாடா ஒரு முறை குறுக்கே ஓடுகிறது. அடுத்த அட்டை வருகிறது. பிளாஸ்மா பலகையிலும் அப்படியே. ஒரு குறுக்குக் கோட்டை எடுத்துக்கொண்டு, அதில் எந்தெந்தப் புள்ளி எரிய வேண்டும் என்று நெடுக்குக் கோடுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கட்டளை கொடுக்கின்றன. பிறகு அடுத்த குறுக்குக் கோடு. இப்படியே வரிசை வரிசையாகப் படம் நெய்யப்படுகிறது. ஜக்கார்டு இந்தத் தந்திரத்தைப் பிரான்சு தேசத்து லியோன் நகரத்துப் பட்டுத் தறிக்காகச் செய்து காட்டியது 1804ல். டெலிவிஷன் இஞ்சினீயர்கள் அதே வழிக்கு வந்து சேர்ந்தது நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழித்து!

கணக்கையும் பாருங்கள். முதல் பிளாஸ்மா பலகையை 1964ல் செய்தவர்கள் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த டொனால்ட் பிட்ஸர், ஜீன் ஸ்லாட்டோ, அவர்களுடைய மாணவர் ராபர்ட் வில்சன் ஆகிய மூவர். பின்னால் பெரிதாகச் செய்த பலகையில் குறுக்கே 512 கோடு, நெடுக்கே 512 கோடு. ஆக 1,024 கோடுகள். அவை ஆளும் புள்ளிகளோ 2,62,144! ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் கம்பி இழுப்பதென்றால் இரண்டரை லட்சம் கம்பிக்கு எங்கே போவது? ஒவ்வொரு பூவையும் கையால் தைக்காமல் பாவை ஏற்றி இறக்கியே பூவை வரவழைக்கும் நெசவாளியின் யுக்திதான் அங்கே கை கொடுத்தது.

இன்னொரு விசேஷம். அந்தப் பலகையைக் கண்டுபிடித்தது சினிமா பார்ப்பதற்காக அல்ல. பிளேட்டோ என்ற பெயரில் கம்ப்யூட்டர் மூலம் மாணாக்கருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று அந்தச் சர்வகலாசாலையில் இருந்தது. அதற்கு ஒரு நல்ல சிலேட் தேவைப்பட்டது. ஆரஞ்சு நிறத்தில் எழுத்து எரியும் சிலேட்டாகத்தான் பிளாஸ்மா பலகை பிறந்தது.

ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி...

சரி, வாயு எப்படி எரிகிறது? எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. கம்பி வழியே மின்சாரம் போவது நமக்குப் பழக்கம். காற்று வழியே போகாது என்பதும் பழக்கம். போனால் சுவிட்சுப் பலகையில் கை வைப்பதற்கு முன்பே ஆளைத் தூக்கி எறியுமே!

வாயு சாதாரணமாக மின்சாரத்துக்குக் கதவடைப்பது உண்மை. ஆனால் எந்த வாயுவிலும் தப்பிப்போன எலெக்ட்ரான் ஒன்றிரண்டு அலைந்துகொண்டிருக்கும். ஆகாயத்திலிருந்து வரும் கதிர்களும், பூமியிலுள்ள கதிரியக்கப் பொருள்களும் அவற்றை உதிர்த்துவிடுகின்றன. இருபுறமும் மின்னழுத்தம் கொடுத்தால் அந்த ஒற்றை எலெக்ட்ரான் ஓட ஆரம்பிக்கிறது. ஓடுகிற வேகத்தில் ஓர் அணுவை முட்டி, அதிலிருந்து இன்னோர் எலெக்ட்ரானைப் பெயர்த்துவிடுகிறது. இப்போது இரண்டு. இரண்டும் ஓடி முட்டினால் நான்கு. பிறகு எட்டு, பதினாறு. பத்தாவது முட்டலில் 1,024! இந்தப் பெருக்கத்தின் கணக்கை அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி டவுன்சென்ட் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார்.

ஆனால் ஓடிய எலெக்ட்ரான்கள் எல்லாம் எதிர்க்கரை சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். தொடர்ந்து நடக்கப் புறப்பட்ட கரையிலிருந்து புது எலெக்ட்ரான் வரவேண்டும். அதற்கு வழி செய்வது அடிபட்ட அணுக்கள். எலெக்ட்ரானை இழந்த அணு எதிர்த்திசையில் இழுக்கப்பட்டு, புறப்பட்ட கரையில் போய் மோதுகிறது. அங்கிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கித் தன் குறையைத் தீர்த்துக்கொள்கிறது. அந்தக் கணக்குத் தீர்ந்தபின் மிஞ்சும் சக்தி இன்னோர் எலெக்ட்ரானை வெளியே தள்ளுகிறது. போன ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒன்று இப்படி வர ஆரம்பித்ததோ இல்லையோ, வாயுவின் பிடிவாதம் உடைந்தது! கதவு திறந்தது, விளக்கு எரிந்தது.

எந்த மின்னழுத்தத்தில் உடையும்? ஜெர்மனியில் பாஷன் என்பவர் 1889ல் இதைப் பரீட்சை செய்து ஒரு விதி கண்டார். வாயுவின் அமுக்கத்தையும் இடைவெளியின் தூரத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது அது. எலெக்ட்ரான் நெரிசலில் மாட்டிக்கொண்டால் வேகமெடுக்க முடியாது. ஆளில்லாத வெளியில் ஓடினால் முட்டுவதற்கு யாரும் கிடைக்கமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அங்கேதான் வாயு மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் உடைகிறது. பாவை அதிகம் இறுக்கினால் இழை அறும், தளர்த்தினால் துணி தொளதொளக்கும் என்று தெரிந்த நெசவாளிக்கு இந்த விதியின் தத்துவத்தை விளங்க வைப்பது கஷ்டமா?

மக்னீசியப் பூச்சின் மகிமை

பிளாஸ்மா அறையில் நிரப்புவது நியான் வாயுவும் கொஞ்சம் ஸெனான் வாயுவும். இரண்டும் காற்றிலேயே இருப்பவை. பத்து லட்சம் பங்கு காற்றில் நியான் 18 பங்கு; ஸெனானோ ஒரு கோடிப் பங்கில் ஒரு பங்குகூடத் தேறாது. இந்த இரண்டையும் 1898ல் லண்டனில் கண்டுபிடித்தவர்கள் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும். டாட்டா நினைத்திருந்த விஞ்ஞான நிலையத்துக்கு எந்த ஊர் தகும் என்று பார்த்துச் சொல்ல இந்தியாவுக்கு வந்தவர் இந்த ராம்சேதான். பெங்களூரைச் சிபாரிசு செய்தவரும் அவர்தான். 1909ல் தோன்றிய அந்த நிலையத்தின் முதல் டைரக்டர் டிராவர்ஸ். நம் பக்கத்து ஊர்க் கதைதான், பாருங்கள்.

அறையில் ஸெனான் எரியும்போது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் வருகிறது. அறையின் சுவரில் பூசிய சிவப்பு, பச்சை, நீலப் பொடி அந்தக் கதிரை வாங்கிக்கொண்டு நிறம் காட்டுகிறது. குழல் விளக்கின் உள்ளே வெள்ளைப் பூச்சு செய்கிற வேலையும் இதுதான். அங்கே ஸெனானுக்குப் பதில் பாதரச ஆவி.

எலெக்ட்ரானை வெளிவிடும் கரை எது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிளாஸ்மா பலகையில் அந்தக் கரை மக்னீசியம் ஆக்ஸைடு பூச்சு. வயிற்றுக்குக் குடிக்கும் மக்னீசியப் பாலுக்கு நெருங்கிய உறவு. கனம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. இந்த மெல்லிய பூச்சு இரண்டு காரியம் செய்கிறது. நியான் அணு வந்து மோதினால் தாராளமாக எலெக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது; ஆகவே குறைந்த மின்னழுத்தத்திலேயே விளக்கு எரிகிறது. மோதல் எத்தனை ஆயிரம் மணி நேரம் நடந்தாலும் சீக்கிரம் தேய்வதில்லை. ஆகவே உள்ளிருக்கும் கண்ணாடிப் பூச்சுக்கு அதுவே கவசம். ஸெனானைக் கூட்டினால் வெளிச்சம் கூடும். ஆனால் ஸெனான் அணு மோதினால் அந்தப் பூச்சு அவ்வளவு சுலபமாக எலெக்ட்ரானைக் கொடுப்பதில்லை. மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டிவரும். இந்தத் தராசைச் சமன் செய்வதிலேயே பல ஆராய்ச்சியாளர்களின் ஆயுள் கழிந்திருக்கிறது.

விளக்கு அணைந்த பிறகும் அந்தப் பூச்சு கொஞ்ச நேரம் எலெக்ட்ரானைச் சொட்டுச் சொட்டாகக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். அதனால் என்ன பயன் என்கிறீர்களா? அடுத்த தடவை ஓட்டத்தைத் துவக்கி வைக்க ஒரு விதை எலெக்ட்ரான் வேண்டுமே! அது கிடைக்காவிட்டால் அறை தாமதித்து எரியும், படம் பழுதாகும். முழு இருட்டில் வைத்த நியான் பல்பு சில சமயம் தயங்கித் தயங்கி எரிவதும் இதனால்தான்.

இதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது

இவ்வளவும் எங்கோ சீமையில் நடக்கிற சங்கதி என்று எண்ணவேண்டாம். எலெக்ட்ரீஷியன் சட்டைப் பையில் செருகியிருக்கும் டெஸ்டரில் சிவப்பாக எரிகிற பொட்டு இருக்கிறதே, அது நியான் பல்பு. பிளாஸ்மா பலகையின் ஓர் அறையைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தது போல அது. நேர் மின்சாரத்தில் அதன் எதிர்முனை மட்டும் எரியும். நம் வீட்டு மாறு மின்சாரத்தில் இரண்டு முனையும் மாறி மாறி எரியும். எலெக்ட்ரான் எந்தக் கரையிலிருந்து புறப்படுகிறது என்பதை இதைவிட எளிதாக எந்தப் புத்தகம் காட்டும்?

குழல் விளக்கின் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். அதற்குள்ளும் ஒரு வாயு பல்பு. முதலில் அது எரிந்து, சூட்டில் உள்ளேயிருக்கும் தகடு வளைந்து ஒட்டி, பிறகு விலகி, சோக் ஓர் உதை கொடுத்த பிறகே பெரிய விளக்கு எரிகிறது. விளக்கின் இரு கோடியிலும் உள்ள சுருள் கம்பியில் பேரியம் ஆக்ஸைடு முதலிய பூச்சு உண்டு. சூடானால் எலெக்ட்ரானை வெளிவிடுவது அதன் வேலை. வருஷங்கள் போகப் போகப் பூச்சு தீர்ந்து, கோடிகள் கறுத்து, விளக்கு கண் சிமிட்ட ஆரம்பிக்கும். அந்தச் சிமிட்டலில் சரிகையைப் பார்த்து நெய்து கண் வலித்தவர்கள் ஆரணி வட்டாரத்தில் எத்தனையோ பேர். எலெக்ட்ரான் வெளியேற்றம் என்பது அவர்களுக்குக் கண் வலியாகவே அறிமுகமானது! எல்.இ.டி. விளக்கு இப்போது அந்த இடத்தைப் பிடித்து வருகிறது. பழைய விளக்கைக் கழற்றிக் குப்பையில் போடும்முன் ஒரு பாடமாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம் அல்லவா?

செத்த பெட்டிக்குப் பாடம் ஏன்?

"பிளாஸ்மா டெலிவிஷனே செத்துப் போய்விட்டதே, அதைப் பற்றி இப்போது என்ன பேச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. வாஸ்தவம். பானசோனிக் கம்பெனி 2013ல் அதன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, சாம்சங், எல்.ஜி. கம்பெனிகள் 2014ல் நிறுத்தின. கறுப்பு நிறம் ஆழமாக இருந்தது, ஓடும் படம் தெளிவாக இருந்தது என்று ரசிகர்கள் இன்றும் அங்கலாய்க்கிறார்கள். ஆனால் மின்சாரம் அதிகம் குடித்தது, கனத்தது, புள்ளிகளை மேலும் சிறிதாக்குவது கஷ்டமாக இருந்தது. போட்டியாளரின் திரை மலிந்தது. ஆட்டம் முடிந்தது.

பெட்டி செத்தது, அதன் விஞ்ஞானம் சாகவில்லை. கம்ப்யூட்டர் சில்லுகளைச் செதுக்குவது பிளாஸ்மாதான். குஜராத்தில் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், சூரியனில் நடப்பது போன்ற அணுச் சேர்க்கையைப் பூமியில் நடத்திக் காட்டும் முயற்சியில் ஆதித்யா என்ற இயந்திரத்தை 1989 முதல் இயக்கிப் பரீட்சை செய்துவந்திருக்கிறது. அதே நிறுவனத்தார் அங்கோரா முயலின் ரோமத்தைப் பிளாஸ்மாவால் பதப்படுத்தும் இயந்திரமும் செய்தார்கள். வழுக்கும் ரோமம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நூற்க வசதியாகிறது. வாயுவில் ஏற்றிய மின்சாரம் நூலுக்கே திரும்பி வந்துவிட்டது, பார்த்தீர்களா?

வேறொரு ஆட்சேபமும் வரும். "நெசவில் கூலி போதவில்லை என்று பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறார்கள். அவர்களிடம் போய்த் தறியைப் புகழ்ந்து பாடினால் வயிறு நிறையுமா?" நியாயமான கேள்வி. தறியிலேயே பிள்ளைகளைக் கட்டிப் போட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. போகிறவன் போகட்டும், டாக்டராகட்டும், இஞ்சினீயராகட்டும். ஆனால் தன் வீட்டில் இருந்தது அறிவு என்று தெரிந்துகொண்டு போகட்டும். அப்பன் தொழிலை எண்ணிக் கூசுகிற பிள்ளைக்கு இஞ்சினீயரிங் காலேஜில் இடம் கிடைத்தாலும் உள்ளுக்குள் ஒரு பயம் விடாது. இது நமக்குச் சொந்தமில்லாத வித்தை, இரவல் வாங்கியது என்ற பயம் அது. கூலி உயர்வதற்குச் செய்ய வேண்டியவற்றைச் சர்க்காரும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்யட்டும். அது வேறு வழக்கு. இந்தப் பயத்தைப் போக்க வேண்டியது பள்ளிக்கூடம்.

செய்யக் கூடியது என்ன?

லட்சம் கோடி வேண்டாம். ஆரணி வட்டாரப் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வைக்கலாம். அதில் ஒரு ஸ்டார்ட்டர், ஒரு சோக், ஒரு டெஸ்டர் பல்பு, துளை போட்ட ஜக்கார்டு அட்டை நாலு, சதுரக் கட்டம் போட்ட காகிதம். கறுத்துப்போன குழல் விளக்கை உடைக்காமல் தூர வைத்துக் காட்டலாம். உள்ளே பாதரசம் இருப்பதால் உடைப்பது ஆபத்து. மின்சாரத்தோடு விளையாடுவது உபாத்தியாயர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். பிள்ளைகள் கண்ணால் பார்த்தால் போதும்.

வருஷத்தில் இரண்டு நாள் ஒரு நெசவாளியைப் பள்ளிக்கு அழைத்து, உபாத்தியாயர் நாற்காலியில் உட்கார வைத்து, அட்டைக்கும் கொக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லச் சொல்லலாம். அன்றைக்கு அவருக்குத் தறி வேலை கெடும். ஆகவே அந்த நாள் கூலியைக் கொடுத்தே அழைக்க வேண்டும். சும்மா கூப்பிட்டு மாலை போட்டு அனுப்புவது மரியாதை ஆகாது. அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞான உபாத்தியாயர் கட்டக் காகிதத்தில் பிளாஸ்மா பலகையைப் போட்டுக் காட்டட்டும். சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் சிறிய மாதிரித் தறிகளைச் செய்து கொடுக்கலாம்.

பாடத் திட்டத்தில் ஏற்கனவே சுமை அதிகம் என்று உபாத்தியாயர்கள் முகம் சுளிக்கக் கூடும். இது புதிய சுமை அல்ல. மின்சாரப் பாடமும் அணுப் பாடமும் புத்தகத்தில் இருக்கவே இருக்கின்றன. உதாரணத்தை மட்டும் ஊரிலிருந்து எடுக்கச் சொல்கிறோம். பரீட்சைத் தாளில் ஒரே ஒரு கேள்வி, அந்தந்த வட்டாரத்துத் தொழிலிலிருந்து வந்தால் போதும்; மற்றதெல்லாம் தானாக நடக்கும். பரீட்சையில் வராத எதையும் நம் பள்ளிக்கூடங்கள் மதிப்பதில்லை என்பது ஊரறிந்த ரகசியம்!

அமெரிக்காவில் மாணாக்கருக்குச் சிலேட் செய்யப் போனவர்கள் தறியைப் போன்ற ஒன்றைச் செய்து முடித்தார்கள். தறியை வைத்திருக்கும் நாம் அதையே சிலேட்டாக்கிக் கொள்ளாமல் இருப்பது என்ன நியாயம்? வருகிற ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது முள்ளிப்பட்டிலும் அதன் அக்கம்பக்கத்திலும் உள்ள தலைமை ஆசிரியர்களில் யாராவது ஒருவர் இதைச் செய்து பார்க்கட்டும். பெற்றோர் சங்கத்தில் இருக்கும் நெசவாளிகளும் "எங்களுக்கு என்ன தெரியும்" என்ற பேச்சை ஒரு நாளைக்கு நிறுத்திவிட்டு, துளை போட்ட அட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழையட்டும். பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உபாத்தியாயரும் கொஞ்சம் தயாராக இருப்பது நல்லது.